மென்பொருள் இலவசம், அதன் பக்கத்தைத் தமிழில் யார் திட்டமிடுவது?

(இளைஞர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கணினிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஓய்வு நாளில் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

லிப்ரே ஆபிஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், வகுப்பில் பேசுவதற்குப் படக்காட்சி தயாரிக்கலாம். காசு கிடையாது. ஒரு கணினியில் போட்டாலும் பத்துக் கணினியில் போட்டாலும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதன் மூலநிரல், அதாவது அந்த மென்பொருளை எழுதிய எழுத்து, எல்லாருக்கும் திறந்திருக்கிறது. தெரிந்தவர் எவரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். சன் நிறுவனம் 2000-இல் திறந்துவிட்ட ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து, 2010 செப்டம்பரில் இந்தத் திட்டம் தொடங்கியது. அதன் மெனுக்கள் தமிழிலும் கிடைக்கின்றன. அதைத் தமிழாக்கியவர்கள் தன்னார்வலர்கள்.

இவ்வளவு இருந்தும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளைக்காகச் சீட்டுப் போட்டுப் பழைய கணினி வாங்குகிறோம். அதில் கடிதம் எழுத எதைப் போடுவது என்று தெரியவில்லை. யாரோ கொடுத்த திருட்டுப் பிரதியைப் போடுகிறோம். கூடவே வைரசும் வந்து உட்காருகிறது. இலவசமாகக் கிடைக்கும் நல்ல பொருள் நம் வாசலுக்கு வராமல் போகிறது. அதை நமக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் பக்கம் ஒன்று இல்லாததே இதற்குக் காரணம்.

நம் இளைஞர்கள் சிலர் லிப்ரே ஆபிஸுக்குத் தமிழில் ஓர் உதவித் தளம் அமைக்க முன்வந்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் தம்பிகளே, எந்த நிறம், எந்தச் சின்னம், முகப்பில் யார் படம் என்று தொடங்காதீர்கள். முதலில் ஒரு தாளை எடுங்கள். இந்தத் தளத்துக்கு முதல் முறையாக வருகிறவர் என்னென்ன கேட்பார் என்று எழுதுங்கள். அந்தக் கேள்விகள்தான் உங்கள் பக்கங்களின் பட்டியல். அந்தக் கேள்விகள் தெரிந்தவர்கள் இங்கே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். கணினி தெரியாது என்று ஒதுங்கி நிற்கும் அம்மாவும் அண்ணனும்தான் இந்தத் தளத்தின் உள்ளடக்கத்தைத் திட்டமிட வேண்டியவர்கள்.

என்னிடம் அடிக்கடி வரும் ஐந்து கேள்விகளைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: இது எனக்கு எதற்கு?

"விரிதாள் வசதி, சூத்திர வசதி உண்டு" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? நம் வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடுங்கள். மாதம் 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளம், நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்கு அதைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். 20 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் 245 ரிங்கிட் 19 காசு. லிப்ரே ஆபிஸில் உள்ள கால்க் என்ற பகுதியில் =1700/26/8*1.5*20 என்று ஒரு கட்டத்தில் அடித்தால் இந்தத் தொகை வந்து நிற்கும். சம்பளச் சீட்டில் உள்ள தொகை சரியா என்று அம்மாவே பார்த்துக்கொள்ளலாம். இந்த ஓர் உதாரணம் முகப்பில் இருக்கட்டும். மென்பொருள் எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி: பிறகு காசு கேட்பார்களா?

நம்மவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. லிப்ரே ஆபிஸின் தளத்தில் பதிவிறக்கப் பொத்தானை அழுத்தியதும் நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும். விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அதைப் பார்த்ததும் "காசு கட்டச் சொல்கிறது" என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆகவே அந்தப் பக்கத்தின் படத்தைப் போட்டு, "இது நன்கொடை மட்டுமே, கட்டாயம் இல்லை" என்று தமிழில் எழுத வேண்டும்.

எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி என்ற திறந்த மூல மென்பொருளின் பெயரைப் பயன்படுத்தி, போலித் தளங்கள் வேண்டாத நிரல்களை ஒட்டிக் கொடுக்கின்றன என்று அதை உருவாக்குகிறவர்களே 2011-இல் எச்சரித்தார்கள். அதிகாரபூர்வ முகவரி உங்கள் தளத்தில் பெரிய எழுத்தில் இருந்தால் ஒரு குடும்பமாவது ஏமாறாமல் தப்பிக்கும்.

மூன்றாவது கேள்வி: என் பழைய கணினியில் ஓடுமா?

இதற்கு ஆம், இல்லை என்று தெளிவாகப் பதில் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா உள்ள கணினிகளில் 5.4 பதிப்பு வரைதான் ஓடும். 2018-இல் வந்த 6.0 ஓடாது. 2025 ஆகஸ்டில் வந்த 25.8 பதிப்பு விண்டோஸ் 7, 8 கணினிகளையும் விட்டுவிட்டது. இதைச் சொல்லாமல் "எல்லாக் கணினியிலும் ஓடும்" என்று எழுதினால், இரவு உட்கார்ந்து பதிவிறக்கிய பிள்ளை ஏமாந்து போகும். அதன் பிறகு உங்கள் தளத்தின் பக்கம் திரும்பாது.

நான்காவது கேள்வி: வீட்டில் செய்த வேலை பள்ளியில் திறக்குமா?

ஆசிரியரின் கணினியில் மைக்ரோசாப்ட் வேர்டு இருக்கலாம். லிப்ரே ஆபிஸிலும் வேர்டு வடிவத்தில் சேமிக்கலாம். எந்த மெனுவில் போய் எதை அழுத்துவது என்று படத்தோடு காட்டுங்கள். பிள்ளையின் கணினியில் மெனு ஆங்கிலத்தில் இருந்தால், தமிழ்ப் பெயரை மட்டும் எழுதிய உதவிப் பக்கம் பயன்படாது. பொத்தானின் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டையும் கொடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்வதற்கும் ஒரு பக்கம் வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். யுனிகோடில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் பிறந்த முரசு அஞ்சல் வழியாக, ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் பெறும் அஞ்சல் முறைக்குப் பழகியவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் விளக்குங்கள்.

ஐந்தாவது கேள்வி: மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது?

பதில் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் "எங்களைக் கேளுங்கள்" என்று எழுதுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குள் பதில் வரும் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். பதில் வராத முகவரியைவிட, "சனிக்கிழமை மட்டும் பதில் தருவோம்" என்ற ஒரு வரி எவ்வளவோ மேல். கேட்கிறவர் நாளைக்கு உதவுகிறவராக மாறலாம். ஆகவே பக்கத்தின் கீழே "நீங்களும் உதவலாம்" என்று ஒரு சிறு பகுதி வையுங்கள். பிழை கண்டால் சொல்வது, ஒரு பக்கத்தைப் படித்துப் பார்ப்பது, ஒரு படம் எடுத்துத் தருவது என்று சின்ன வேலைகளாகப் பட்டியல் போடுங்கள். பெரிய வேலையைக் காட்டினால் ஆள் ஓடிவிடும்.

இனி இளைஞர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. தொடங்குவது எளிது, பராமரிப்பதுதான் கஷ்டம். லிப்ரே ஆபிஸில் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, பிப்ரவரியை ஒட்டியும் ஆகஸ்டை ஒட்டியும் வருகிறது. அப்போது உங்கள் பக்கங்களில் சில பொய்யாகிவிடும். ஆகவே எழுதும் முன்பே ஒரு பட்டியல் தயாரியுங்கள். பக்கத்தின் பெயர், எழுதுகிறவர், சரிபார்க்கிறவர், அடுத்து எந்த மாதம் பார்க்க வேண்டும் என்று நான்கு கட்டங்கள் போதும். பொறுப்பாள் இல்லாத பக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். இருபது பக்கம் எழுதிப் பாதி பழையதாகக் கிடப்பதைவிட, ஆறு பக்கம் எழுதி ஆறும் சரியாக இருப்பது நல்லது. படிப்பு முடிந்தோ வேலை கிடைத்தோ ஒருவர் விலகும்போது, அவருடைய கடவுச்சொல்லோடு தளமும் போய்விடக்கூடாது. குறைந்தது இருவர் கையில் சாவி இருக்கட்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. தம்பிகள் எழுதும் பக்கத்தைக் கைப்பேசியில் உங்களுக்கு அனுப்புவார்கள். படித்துப் பாருங்கள். புரியாத சொல் வந்தால் "எனக்குத்தான் தெரியவில்லை" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லின் கீழே கோடு போடச் சொல்லுங்கள். அண்ணனும் அக்காவும் கோடு போட்ட இடங்களைத் திரும்ப எழுதுவது அவர்கள் கடமை. லோரி ஓட்டுகிறவருக்கும் தொழிற்சாலையில் நிற்கிறவருக்கும் புரிகிற பக்கம், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

நமக்கான விவரத்தை யாராவது ஒருநாள் தமிழில் எழுதித் தருவார்கள் என்று காத்திருந்தே பழகிவிட்டோம். இந்த மென்பொருளில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே என்ன எழுதி வைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெளியே போகும்போது மேசையில் வெள்ளைத் தாள் இருக்கும். ஒருவர் மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் சொன்னால் தங்கைகள் எழுதிக்கொள்வார்கள். இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் வீட்டுக் கேள்விகளை அனுப்பலாம். தளத்தின் முதல் பக்கம் அந்தத் தாள்களிலிருந்துதான் எழுதப்படும்.