பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்



படகின் பின்னால் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பற்றி இன்று பேசுகிறேன். புதியதைப் பற்றி அல்ல. உப்புத் தண்ணீரில் பல வருடம் உழைத்து, மூடியில் சாயம் போய், கயிற்றை இழுத்தால் சில நாள் எழும், சில நாள் எழாது என்று நிற்கிற பழைய இன்ஜினைப் பற்றி. தஞ்சோங் டாவாய், கோலா மூடா, செமெலிங் பக்கத்து நேயர்களுக்கு அந்த இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. பீடோங், சுங்கை பட்டாணித் தோட்டங்களில் புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டி வேலை செய்தவர்களுக்கும் வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வகைதான். பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கிற வகை.

சில காலமாக எனக்கு ஒரு கோபம். இன்ஜின் ஆற்றில் நின்றுவிட்டது என்றால் மறுநாளே கடைக்குப் போகிறார்கள். புது பிளக், புது காயில், பிளக்குக்கு நெருப்பு அனுப்பும் சிடிஐ பெட்டி புதிது, கார்புரேட்டருக்கு ஒரு ரிப்பேர் செட், எல்லாம் ஒரே பில்லில். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டுகிறார்கள். இன்ஜின் ஓடுகிறது. எது கெட்டிருந்தது? மாட்டியவருக்கும் தெரியாது, காசு கொடுத்தவருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் நிற்கிறது. இதைப் பழுது பார்ப்பது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது சாமான் மாற்றுவது. என் நண்பர் ஒருவருக்கு ஒரு கடையில் சிடிஐ மாற்றச் சொல்லிப் பெரிய தொகை வாங்கினார்கள். கடைசியில் பார்த்தால் பெட்ரோல் டாங்கி மூடியில் இருக்கும் காற்றுத் திருகு மூடியிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

ஆகவே முதல் விதியைச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். மறுபடியும் சொல்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தோட்டத்து மெக்கானிக். எங்களுக்கெல்லாம் மாமா. தோட்டத்தில் அவருக்கு வேலை ரப்பர் ஆலை இன்ஜினும், மருந்தடிக்கும் மெஷினும், புல் வெட்டும் மெஷினும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டார் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு மெர்போக் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அங்கே மலாய் மீனவர்கள் காத்திருப்பார்கள். நானும் பின்னால் உட்கார்ந்து போவேன். மாமா போய்ச் சேர்ந்ததும் ஸ்பேனரைத் தொட மாட்டார். முதலில் படகுக்காரரிடம் மலாயில் கேள்வி. எப்போதிலிருந்து இப்படி? சூடானபின் நிற்கிறதா, எடுக்கும்போதே மக்கர் பண்ணுகிறதா? போன தடவை கழற்றியது யார், எதைக் கழற்றினார்? இதற்கே கால் மணி நேரம் போகும். எனக்கு அலுப்பாக இருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "அவசரப்படாதடா தம்பி. பாதிக் கோளாற அவரே சொல்லிடுவாரு."

பிறகு பிளக். மாமாவுடைய கலை முழுவதும் பிளக்கில்தான் இருந்தது. இன்றைக்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவதும் அதற்குத்தான்.

பிளக்கை எப்போது கழற்றுவது என்பதே ஒரு கலை. ஜெட்டியில் கட்டிப்போட்டு, மெதுவாகப் புகைய விட்டுவிட்டுக் கழற்றினால் அது பொய் சொல்லும். படகை ஆற்றில் விட்டு, வழக்கமாக எவ்வளவு வேகத்தில் போவீர்களோ அவ்வளவு வேகத்தில் சில நிமிடம் ஓட்ட வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் அப்படியே சுவிட்சைப் பிடுங்கி நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்திலேயே கழற்ற வேண்டும். இரண்டு சிலிண்டர் இன்ஜின் என்றால், மேல் சிலிண்டர் பிளக்கையும் கீழ் சிலிண்டர் பிளக்கையும் கலந்துவிடக் கூடாது. மாமா இரண்டையும் பலகையில் மேலும் கீழுமாக அதே வரிசையில் வைப்பார்.

இப்போது நிறத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கும் பீங்கான் தே தாரிக் நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டர் நன்றாக எரிகிறது, அதை விட்டுவிடலாம். காய்ந்த கரியாகக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் கூடுகிறது. சோக் முழுதாகத் திறக்கவில்லையா என்று பாருங்கள். கறுப்பாகவும் எண்ணெய்ப் பசையோடு ஈரமாகவும் இருந்தால், ஒன்று எண்ணெய் அதிகம், அல்லது அந்தப் பக்கம் நெருப்பு வரவில்லை. வெள்ளையாக வெந்து, கொப்புளம் கட்டியது போல் இருந்தால் அன்றைக்கு மீன் பிடித்தது போதும். பெட்ரோல் குறைகிறது, இல்லையென்றால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் இறுகிவிடும். பீங்கானில் சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தால் பிஸ்டன் அலுமினியம் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் கயிற்றை இழுக்காதீர்கள்.

இரண்டு பிளக்கில் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல் சுத்தமாக, தண்ணீர்த் துளியோடு வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். குளிர்விக்கப் போகிற தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பிளக் ஸ்பேனரும் நல்ல வெளிச்சமும் போதும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எதை வாங்குவதற்கு முன்னாலும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் கறுப்பாகிக்கொண்டே இருக்கிறது என்று சிலர் சூடான ரக பிளக்கைப் போடுகிறார்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த ரகம், எண் குறைந்தால் சூடான ரகம். ஏழு போட வேண்டிய இடத்தில் ஐந்தைப் போட்டால் கரி குறையும், ஆனால் பிஸ்டன் ஓட்டையாகலாம். அதேபோல, பாதுகாப்புக்காகக் கூடுதலாக எண்ணெய் ஊற்றும் பழக்கமும் தவறு. 50-க்கு 1 என்று இன்ஜின் புத்தகம் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25 லிட்டர் டாங்கிக்கு அரை லிட்டர். மிகப் பழைய இன்ஜின்களில் 25-க்கு 1 கேட்பவையும் உண்டு. புத்தகம் சொல்வதை ஊற்றுங்கள்.

பிளக்கில் நெருப்பு வருகிறதா என்று சோதிக்கும்போது கவனமாக இருங்கள். சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்துவிடுங்கள். பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, இரும்பு உடம்பை இன்ஜினோடு ஒட்டவைத்த பிறகே கயிற்றை இழுங்கள். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் நல்ல சிடிஐயும் கெட்டுவிடலாம்.

பெட்ரோல் பக்கத்துக் கோளாறைப் பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழே காட்டிக்கொடுக்கும். ஓடும்போது குமிழ் சப்பையாகச் சுருங்கினால் அடைப்பு டாங்கிப் பக்கம். காற்றுத் திருகைத் திறந்தீர்களா என்று பாருங்கள். எவ்வளவு அமுக்கியும் குமிழ் இறுகவில்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறது. நிற்கப் போகிற இன்ஜின், குமிழைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது என்றால் பெட்ரோல் பம்பின் உள்தகடு கிழிந்திருக்கலாம். மெதுவாக ஓடும்போது மட்டும் அணைகிறது என்றால் கார்புரேட்டரில் சின்ன ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. மெர்போக் கழிமுகம் அலையாத்திக் காடும் சேறும். பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் முதலில் அந்தத் துவாரத்தில் தூண்டில் நரம்பை விட்டுக் குத்துங்கள். சரியாகவில்லை என்றால் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கையை மாற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் கரையில் வைத்து ஓட்டிப் பார்க்கவே கூடாது, அந்த ரப்பர் நொடிகளில் கருகிவிடும்.

மாமா சொன்ன இன்னொன்று. கடலில் மூழ்கி எடுத்த இன்ஜினை உடனே திறந்து வேலை செய்ய முடியாவிட்டால், வெளியே காயவைக்காதீர்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டியில் முழுதாக மூழ்க வைத்திருங்கள். உப்பும் காற்றும் சேர்ந்தால்தான் துரு வேகமாக ஏறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கோத்தா கோலா மூடாவில் படகுகள் நொறுங்கிக் கிடந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் ஒரு மீனவர் வீட்டுப் பிழைப்பைக் காப்பாற்றக்கூடிய அறிவு இது.

ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்குங்கள், சத்தம் இல்லை, புகை இல்லை, பெட்ரோல் மிச்சம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எனக்குப் பிடித்தது டூ-ஸ்ட்ரோக்தான், அதை மறைக்கவில்லை. எடை குறைவு, சம்பானில் ஒரே ஆள் தூக்கி மாட்டலாம். ஹெட்டில் வால்வு இல்லை, கணினி இல்லை, ஆற்றின் நடுவிலேயே கழற்றி மாட்டலாம். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் தொடங்கிய பெயர்பெற்ற கம்பெனியின் இன்ஜின் உற்பத்தி 2020-இல் நின்றுபோனது. ஆனால் நம் கரையில் எங்கும் காணும் யமஹா எண்டுரோ போன்ற எளிய இன்ஜின்களுக்கு இன்னமும் சாமான் கிடைக்கிறது. சாமான் இருக்கிறது, பார்க்கத் தெரிந்த கண்தான் குறைந்து வருகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மெக்கானிக் வேலை பார்த்தவர்கள் பட்டணத்து வீடுகளில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ மாமாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் காரில் ஏற்றி செமெலிங் ஜெட்டிக்கோ தஞ்சோங் டாவாய்க்கோ அழைத்துப் போங்கள். பையன்களையும் பெண்பிள்ளைகளையும் கூடவே ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு பழைய பிளக்கை அவர் கையில் கொடுத்து, இது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.