எனக்க கையில நிக்காது

திருச்சாணத்து மலையேறித் தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். சமணர் சொன்ன நான்கு தானங்களில் ஔஷத தானமும் ஒன்று. ஆகவே இந்த மலையடியில் மருந்தைப் பற்றிப் பேசலாம்.

இந்த மைக்கைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். பதினாலு வயதில் அயனிப் பலா மரத்திலிருந்து விழுந்தேன். நம்ம ஊர் வழக்கப்படி நேரே வர்ம ஆசானிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்ணெய் சூடாகத் தயாராக இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாய் அசைக்கச் சொன்னார். சுண்டுவிரல் அசையவில்லை.

"மக்களே, உளுக்குன்னா தடவுவேன், ஒடிவுன்னா கெட்டுவேன். இது நரம்பு. எனக்க கையில நிக்காது. நேரத்தக் களையாத, ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று அப்பாவிடம் சொன்னார். போகிற வழியில் கை ஆடாமலிருக்க மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். தட்சிணை வாங்கவில்லை.

பயந்து போயிருந்த பையனிடம் 'ஒனக்கு ஆகாது' என்று அவர் சொல்லவில்லை, தன் கைக்கு ஆகாது என்றார். அந்த நாகரிகத்தை நான் வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

இப்படித் தன் எல்லையைச் சொன்னது அவர் ஒருவரின் நல்ல குணம் மட்டுமல்ல. வர்மம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டால் இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், தவறினால் அசாத்தியம் என்று ஏடுகளே கணக்கு வைத்திருக்கின்றன. எல்லை சொல்ல நமக்கு இங்கிலீஷ் வைத்தியம் கற்றுத்தர வேண்டியதில்லை.

இன்றோ, சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் பூரண குணம் என்று சுவரொட்டி. அப்படி விளம்பரம் செய்யக் கூடாதென்று 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டாயிற்று. சுவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். வாயை யார் பார்ப்பது?

எனக்குச் சித்தி ஒருத்தி. முழங்கால் தடவப் போன இடத்தில், "சர்க்கரை மாத்திரைய நிறுத்திரலாமா?" என்று கேட்டிருக்கிறாள். "பாத்துக்கிடலாம்" என்றாராம் தடவுகிறவர். அவர் வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. சித்தி தனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் கால்விரல் ஒன்று போயிற்று.

இங்கே இருக்கிற வைத்தியர்களே, தடவுகிறவர்களே, ஊசி குத்துகிறவர்களே: "அத எழுதித் தந்த டாக்டர்ட்ட கேளு, நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல." இதை முதல் நாளே, எண்ணெய் காய்ச்சுமுன் சொல்லுங்கள். நோயாளி கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சித்தி போன மாசமும் அதே ஆளிடம்தான் போனாள், முழங்காலுக்கு. நான் தடுக்கவில்லை. நல்லாத் தடவுவார்.