பயிற்சி முடியும்வரை



நம் பிள்ளைகள் கணக்காளராகவும் சட்டத்தரணியாகவும் பயிலக் கொழும்பு போகிறார்கள். பயிற்சிக்காலக் கொடுப்பனவு வெள்ளவத்தையில் அறை வாடகைக்கே போதாது. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக இருந்த நமது அடிப்படை நாட்சம்பளத்திலிருந்தே மீதியை அனுப்புகிறோம்.

புதுக்கடையில் சட்டம் பயில்வோர் கொட்டாஞ்சேனையில் தங்கினால் நடந்தே போகலாம்; பஸ் காசு மிச்சம். நால்வர் ஓர் அறை எடுத்துச் சேர்ந்து சமைக்கட்டும். அறை முற்பணத்துக்கு ரசீது வாங்கட்டும்.

பிள்ளைகளே, காசு முடிந்தால் வட்டிக்கு வாங்காதீர்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள். பெற்றோரே, மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை மறைக்காமல் சொல்வோம். கடனுக்குப் பயந்து பாதியில் கடை வேலைக்குப் போனால், இத்தனை நாள் நாம் பறித்த கொழுந்தும் வீண்.

சிக்கனம் பிள்ளைகளின் கடமை. வயிறு நிறையும் கொடுப்பனவு கேட்பது சங்கத்தின் கடமை. கேட்போம்!