நீதிமன்றச் சுவரில் நமது வரலாறு



தீர்ப்பைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. திருமயத்தில் ஒரே குன்றில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் குடையப்பட்டுள்ளன. இரண்டிற்கும் இடையே நிலவிய வழக்கு பதின்மூன்றாம் நூற்றாண்டில் தீர்க்கப்பட்டபோது, அம்முடிவு பாறையிலேயே வெட்டப்பட்டது. ஓலை மறையும், கல் மறையாது. அப்படியொரு முடிவு ஏற்படவேயில்லை என்று பின்னாளில் எவரும் கூறவியலாது.

நமக்கும் அத்தகைய முடிவொன்று உண்டு. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதனைத் தண்டிக்கும் சட்டமும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பிறந்தன. இவை சட்ட நூல்களில் மட்டும் இருந்தால் போதுமா? வாய்தாவுக்கு வந்து மரத்தடியில் காத்திருக்கும் நம் மக்களின் கண்ணில் படுமாறும் இருத்தல் வேண்டும்.

நீதிமன்றச் சுவரில் எது இடம்பெறலாம் என்பது சிறு செய்தியன்று. காந்தியடிகள், திருவள்ளுவர் படங்களன்றிப் பிற படங்கள் கூடா என்று 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றப் பதிவாளரின் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு எழுந்தது. எந்தத் தலைவரின் படத்தையும் அகற்ற ஆணையில்லை என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே அண்ணல் அம்பேத்கரின் சிலையைக் குடியரசுத் தலைவர் திறந்து வைத்தார்.

ஆகவே, நம் மாவட்ட நீதிமன்றத்திலும் வட்ட நீதிமன்றங்களிலும் வரலாற்றுக் கல்வெட்டுகள் அமைக்க முறைப்படி விண்ணப்பிப்போம். அவற்றில் புகழுரை வேண்டா. மேற்கூறிய சட்டங்களும் ஆண்டுகளும் இருக்கட்டும். 1980இல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பு நீதிபதி, தமிழகத்தின் அ. வரதராசன் பெயர் இருக்கட்டும். தாழ்த்தப்பட்டோர் எவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்னும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் செய்தியும் இருக்கட்டும்.

கல் மட்டுமே நீதியாகிவிடாது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததை நாடறியும். சட்டங்கள் இருந்தும் அக்கொடுமை நேர்ந்தது. ஆயினும், உரிமை இன்னதென்று அறியாதவன் புகார் கொடுக்கவும் அஞ்சுவான். அறிந்தவன் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுவான்.

இளைஞர்களே! கல்லில் எழுதச் செய்வது நம் சங்கத்தின் கடமை. எழுத்தறியாத முதியவருக்கு அதனைப் படித்துக் காட்டி, அவருடன் படியேறுவது உங்கள் கடமை. இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் வளர்த்த கல்வி அதற்கே பயன்படுவதாக!