சொந்தக் கன்னமும் அடுத்தவர் கன்னமும்

இன்று இறையியல் பட்டம் பெறும் தம்பி தங்கைகளே!

உங்களில் பலர் கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு சபைக்குப் போய்விடுவீர்கள். "அடிக்க வருகிறவனைக் கிறிஸ்தவன் திருப்பி அடிக்கலாமா ஐயா?" என்று அங்கே ஒருவர் கேட்பார். அதற்கு ஒரே வசனத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

1956 ஜனவரி 30. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கமரி நகரம். நிறவெறிக்கு எதிரான பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை முன்நின்று நடத்திய போதகர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு வயது 27. அன்றிரவு அவர் ஒரு கூட்டத்தில் இருந்த நேரம் பார்த்து அவர் வீட்டு முகப்பில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவி கொரெட்டாவும் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத மகளும் இருந்தார்கள். நல்லவேளை, இருவருக்கும் காயமில்லை. செய்தி கேட்டு வாசலில் திரண்ட மக்களில் சிலர் ஆயுதங்களோடு வந்திருந்தார்கள். கிங் சேதமடைந்த அந்த முகப்பில் நின்று, ஆயுதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், பகைவரை நேசிக்க வேண்டும் என்றார்.

இந்த இடம்வரை நாம் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறோம். அடுத்து நடந்ததைச் சொல்வதில்லை. துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு கிங் விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அவர் வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன, ஆயுதம் தாங்கிய நண்பர்கள் காவல் நின்றார்கள். பேயர்ட் ரஸ்டின், கிளென் ஸ்மைலி போன்ற அகிம்சைவாதிகள் வந்து அவரோடு பேசினார்கள். அவரும் கொரெட்டாவும் யோசித்து, துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பிறகு வீட்டைச் சுற்றிப் பெரிய விளக்குகளைப் பொருத்தினார்கள். இரவும் பகலும் ஆயுதமில்லாத காவலாளிகளை நிறுத்தினார்கள். அந்த விளக்குகளை மறந்துவிடாதீர்கள். கொல்ல மாட்டேன் என்று உறுதி எடுத்த மனிதர், பிள்ளை தூங்கும் வீட்டை இருட்டில் விட்டுவிடவில்லை.

1959-ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத் தலைவரோடு நடந்த விவாதத்தில், தற்காப்பை எல்லாச் சமூகங்களும் நியாயமாகவே ஏற்றிருக்கின்றன என்று கிங் எழுதினார். தாம் ஏற்ற கடினமான வழியைத் தம் மக்களுக்கும் பரிந்துரைத்தார்; அதை ஏற்க முடியாமல் வீட்டைக் காத்தவனைப் பாவி என்று தள்ளவில்லை.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன வசனத்துக்கு வருவோம். மத்தேயு அங்கே வலது கன்னம் என்று குறிப்பிடுகிறார். எதிரே நிற்பவன் வலது கையால் உங்கள் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். எஜமான் அடிமைக்குக் கொடுக்கும் அவமான அடி அது என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. கழுத்தில் கத்தி வைத்தவனைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை. விசாரணையில் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசுவே, ஏன் என்னை அடிக்கிறாய் என்று நேருக்கு நேர் கேட்டார். நாசரேத்தில் மலையுச்சியிலிருந்து தள்ள வந்தவர்களின் நடுவே கடந்து போய்விட்டார். பவுலைத் தமஸ்குவில் இரவோடு இரவாகக் கூடையில் வைத்து மதில்வழியே இறக்கினார்கள். எருசலேமில் சவுக்கடி விழப்போன நேரத்தில் அவர் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தப்பினார். தப்பியோடுவதும் சட்டத்தைத் துணைக்கு அழைப்பதும் விசுவாசக் குறைவு என்றால் அப்போஸ்தலரையே அல்லவா குற்றம் சொல்ல வேண்டியிருக்கும்!

கெத்செமனேயில் பேதுருவின் வாளை இயேசு உறையில் போடச் சொன்னதும் உண்மை. இந்த இரண்டு பக்கமும் திருச்சபையை வெகுகாலம் வாட்டியது. தன் உயிரைக் காக்க இன்னொருவரைக் கொல்வதைத் தனிமனிதருக்கு அகஸ்டின் அனுமதிக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், உயிரைக் காப்பதே நோக்கமாக இருந்து, தேவைக்கு மேல் பலம் காட்டாவிட்டால் தற்காப்பு குற்றமில்லை என்றார். யாத்திராகமத்திலும் இதே அளவுகோல் இருக்கிறது: இரவில் கன்னமிடும்போது அடிபட்டுச் செத்த திருடனுக்காக இரத்தப்பழி இல்லை, பொழுது விடிந்தபின் கொன்றால் உண்டு. நம் நாட்டுச் சட்டமும் தற்காப்பு உரிமையைக் கொடுத்து, தேவைக்கு மிஞ்சிய காயம் செய்யக்கூடாது என்று வரம்பு கட்டுகிறது.

உங்களிடம் இந்தக் கேள்வி பெரும்பாலும் துப்பாக்கியோடு வராது. ஒரு பெண் குருமனை வாசலில் நின்று, "குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு ஐயா" என்பாள். "பொறுத்துக்கோம்மா, இயேசு சிலுவையில பொறுக்கலையா, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பியவர்கள் நம் ஊழியத்தில் உண்டு. இதை வேதனையோடும் கோபத்தோடும் சொல்கிறேன். என் கன்னத்தைத் திருப்பிக் காட்ட எனக்கு உரிமை உண்டு. அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. இயேசு தம் உயிரைத் தாமே ஒப்புக்கொடுத்தார். கைது செய்ய வந்தவர்களிடம், சீடர்களைப் போகவிடுங்கள் என்றே கேட்டார்.

அவளிடம் முதலில், இன்றிரவு எங்கே தங்குவாய், பிள்ளைகள் எங்கே என்று கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உங்கள் விரல் நுனியில் இருக்கட்டும். காவல் நிலையத்துக்குப் போக அவள் விரும்பினால் கூடவே போங்கள். அடித்தவனும் உங்கள் சபையான்தான். அவனையும் கைவிட முடியாது. வேறொரு நாள் சபை மூப்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், நீ செய்தது பாவம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், மனந்திரும்பச் சொல்லுங்கள், அவனுக்காக ஜெபியுங்கள். அவன் அழுதுவிட்டான் என்பதற்காக அவளை உடனே அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.