சொந்தத் திடல் காணாத வெற்றியணி

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, சிலாவத்துறையையும் கடந்து, வில்பத்துக் காட்டின் வட எல்லைக்கு அணித்தாக முள்ளிக்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. கடலும் வயலுமே அவ்வூராரின் வாழ்வு. 2007ஆம் ஆண்டில், போர்க்காலத்தில், அவர்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்விடத்திலே கடற்படைத் தளம் அமைந்தது. 2017இல் நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கும் வரையில், ஊரின் பெயர் ஓரிடத்தும் ஊரார் வேறோரிடத்துமாகப் பத்தாண்டுகள் கழிந்தன. ஆகவே, சொந்த மண்ணில் ஒரு நாளேனும் ஆடாது, அம்மண்ணின் பெயரால் நான்கு முறை கிண்ணம் வென்ற துடுப்பாட்ட அணியொன்றின் வரலாறு இக்கரையோரத்து நேயர்களுக்குப் புதுமையாகத் தோன்றாது.

ஊதியம் பெற்று ஆடும் அணியொன்று ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நிற்பதும், அவ்வூரார் அதனைத் தம் உடைமையெனக் கொள்வதும் அமெரிக்க நாட்டின் பேஸ்போல் ஆட்டத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியினர் டொட்ஜர்ஸ் என்னும் தம் அணிக்காக ஏங்கிய ஏக்கம் பெரிது. 1941க்கும் 1953க்கும் இடையில் ஐந்து முறை அவ்வணி யாங்கீஸ் அணியிடம் இறுதித் தொடரிலே தோற்றது. 1955இல் ஒருவாறு வென்றது. இரண்டே ஆண்டுகள்! 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் உரிமையாளர் அணியை லொஸ் ஏஞ்சல்சுக்குக் கொண்டு சென்றுவிட்டார். புரூக்ளினில் எஞ்சியது வெறுந்திடலே. அதுவும் 1960இல் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் நிலை இதற்கு நேர் மாறானது. அதற்கு அணி கிடைத்தது, திடல்தான் கிடைக்கவில்லை.

2020ஆம் ஆண்டு நவம்பரில் லங்கா பிரீமியர் லீக் போட்டி தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய பெயர்களில் ஐந்து அணிகள் இறங்கின. வட மாகாணம் முழுமைக்கும் அமைந்தது யாழ்ப்பாண அணி ஒன்றே. அப்போது அதன் பெயர் ஜப்னா ஸ்டாலியன்ஸ். கொள்ளைநோய்க் காலமாதலின் ஆட்டங்கள் யாவும் அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ திடலில், பார்ப்போர் எவருமின்றி நிகழ்ந்தன. டிசம்பர் 16ஆந் திகதி நடந்த இறுதியாட்டத்தில் 6 விக்கெட்டுகளை இழந்து 188 ஓட்டங்கள் குவித்த யாழ்ப்பாண அணி, காலி அணியை 53 ஓட்டங்களால் வென்றது. பாகிஸ்தானியரான சொயிப் மலிக் 46 ஓட்டங்கள் எடுத்தார். தலைவர் திசர பெரேரா 14 பந்துகளில் 39 ஓட்டங்களை விளாசினார். ஆரவாரத்துக்கு ஆளில்லாத அரங்கிலே வடக்கின் பெயருக்கு முதற் கிண்ணம் கிடைத்தது.

மறு ஆண்டில் உரிமையாளரும் மாறினர், பெயரும் ஜப்னா கிங்ஸ் என மாறியது. மாறாதது முடிவு. 2021 டிசம்பர் 23இல் அதே சூரியவெவவில், அதே காலி அணியை 23 ஓட்டங்களால் வென்றனர். 2022இல் கொழும்பு அணியை அதன் சொந்தத் திடலான பிரேமதாச அரங்கிலேயே எதிர்த்தனர். 164 ஓட்டங்கள் தேவை. எட்டு விக்கெட்டுகள் வீழ்ந்த பின்னர், நான்கு பந்துகள் எஞ்சியிருக்கையில் இலக்கை எட்டினர். 2023இல் கிண்ணம் கண்டிக்குச் சென்றது.

2024ஆம் ஆண்டு வெற்றியே நான்கினுள்ளும் சுவை மிக்கது. சரித் அசலங்க தலைமையேற்ற அணி, இறுதிக்கு முந்திய தகுதியாட்டத்தில் கண்டியை ஒரே ஓட்டத்தால் வென்று தப்பிப் பிழைத்தது. மறுநாள், ஜூலை 21இல், காலியின் பானுக ராஜபக்ச 34 பந்துகளில் 82 ஓட்டங்கள் எடுக்க, இலக்கு 185 என உயர்ந்தது. கடினமான இலக்குத்தான். எனினும் தென்னாபிரிக்கரான ரைலி ரூசோ 53 பந்துகளில் 106 ஓட்டங்களும், குசல் மெண்டிஸ் 72 ஓட்டங்களும் ஆட்டமிழக்காது எடுத்தனர். ஒரே விக்கெட்டை இழந்து, 26 பந்துகள் மிகுந்திருக்க, ஆட்டம் முடிந்தது.

இவ்வெற்றிகளைக் கேட்டு மகிழ்வோர் ஒரு வினாவையும் எழுப்பாதிரார். யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கியோருள் யாழ்ப்பாணத்தார் எத்தனை பேர்? மிகச் சிலரே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அச்சிலருள் முதலில் நினைக்கத்தக்கவர் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 1904 முதல் பரி யோவான் கல்லூரியுடன் ‘வடக்கின் பெரும் போர்’ ஆடிவரும் மத்திய கல்லூரியின் மாணவர் அவர். 2020இல், பதினெட்டு வயதில், தம் முதல் ஆட்டத்திலேயே அஞ்சலோ மத்தியூசின் விக்கெட்டைக் கைப்பற்றினார். 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024இல் இந்தியாவின் ஐபிஎல் போட்டியில் ஐதராபாத் அணியிலும் இடம் பெற்றார். அந்த அணி வடக்குக்குச் செய்த நன்மையை அளப்பதாயின் கிண்ணங்களோடு இந்த ஒருவரையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். ஒருவர் போதுமா என்பது வேறு வினா.

2025ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வந்தன. ஒப்பந்தக் கடமைகள் நிறைவேற்றப்படவில்லை எனக் கூறி, ஜப்னா கிங்ஸ் உரிமையாளருடன் கொண்ட ஒப்பந்தத்தை இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1இல், யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்டத் திடலொன்றுக்கு சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். முள்ளிக்குளத்துச் சிறுவனொருவன் சூரியவெவவுக்குச் செல்வதாயின் நாட்டின் மறு கோடிக்கே செல்லல் வேண்டும். மண்டைதீவுக்கோ மன்னாரைக் கடந்து, பூநகரி வழியாக, சங்குப்பிட்டிப் பாலத்தின் மேலேறிச் சென்றுவிடலாம்.