தாய் அறியுமுன் வந்து சேரும் அமானிதம்



புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பின் பெற்றோரே, திருமண வயதை எட்டி நிற்கும் வாலிப சகோதர சகோதரிகளே!

ஒரு ஜும்ஆத் தொழுகையின் பின்னர் இளம் தந்தையொருவர் என்னைச் சந்தித்தார். அவரது முதற் குழந்தை முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு புடைப்புடன் பிறந்திருந்தது. முள்ளந்தண்டு முழுமையாக மூடப்படவில்லை என வைத்தியர்கள் கூறியிருந்தனர். வீட்டிலோ, கண்ணூறு என்றார் ஒருவர். மருமகள் சொற்கேளாமல் வெளியே சென்றதே காரணம் என்றார் இன்னொருவர். "ஹஸரத், இது யாருடைய குற்றம்?" என்று அவர் கேட்டார்.

அவருக்கு ஆறுதல் கூறி அனுப்பினேன். ஆயினும் என் மனம் ஆறவில்லை. ஏனெனில், அவருடைய நிக்காஹ் மஜ்லிஸில் உரையாற்றியவன் நானே. மஹரைப் பற்றியும் கணவன் மனைவியின் கடமைகளைப் பற்றியும் பேசிய நான், அன்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு விடயத்தைச் சொல்லவில்லை. அதனையே இன்று உங்களிடம் கூறுகிறேன்.

நமது உடலின் நரம்புத் தொகுதியைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மூளை, அதிலிருந்து முள்ளந்தண்டினுள் இறங்கும் முண்ணாண், அவ்விரண்டிலிருந்தும் உடலெங்கும் பிரிந்து செல்லும் நரம்புகள் ஆகியனவே அத்தொகுதி. மூளையிலிருந்து 12 சோடி நரம்புகளும் முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகளும் புறப்படுகின்றன. வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. சுடும் பாத்திரத்திலிருந்து கையை இழுப்பதும், ஸுஜூதில் நெற்றியை வைப்பதும், உம்மாவின் குரலை இனங்காண்பதும் இத்தொகுதியின் வாயிலாகவே நிகழ்கின்றன.

இத்தனை பெரிய அமைப்பு எங்கிருந்து தொடங்குகிறது? கருக்கட்டிய ஒற்றைக் கலம் பிரிந்து பெருகியவாறு கருப்பையை வந்தடைகிறது. ஏறத்தாழ ஆறாம், ஏழாம் நாளில் அது கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்குகிறது. மூன்றாம் வாரத்தில் முளையம் மூன்று படைகளாக அமைகிறது. அவற்றுள் வெளிப்படையிலிருந்தே தோலும் தோன்றுகிறது, நரம்புத் தொகுதியும் தோன்றுகிறது. அப்படையின் நடுப்பகுதி தடித்துத் தகடாகிறது. தகடு மடிந்து பள்ளமாகிறது. பள்ளத்தின் இரு கரைகளும் ஏறத்தாழ 22ஆம் நாளில் ஒன்றையொன்று தொட்டு இணையத் தொடங்கி, ஒரு குழாயாகின்றன. இதுவே நரம்புக் குழாய். மேல் முனை ஏறத்தாழ 25ஆம் நாளிலும், கீழ் முனை ஏறத்தாழ 28ஆம் நாளிலும் மூடிக்கொள்கின்றன. அப்போது முளையத்தின் நீளம் அரை சென்ரிமீற்றர் அளவே!

மேல் முனை மூடாவிடின் மூளையின் பெரும்பகுதி உருவாவதில்லை. அக்குழந்தை உயிர் வாழ்வதில்லை. கீழே மூடாவிடின் முண்ணாண் பாதிப்புற்று, கால்களின் அசைவும் உணர்வும், சிறுநீர்க் கட்டுப்பாடும் குறையக்கூடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதவிடாய் தவறுவதே கருக்கட்டி ஏறத்தாழ 14 நாட்களின் பின்னர்தான். அதன்பின் இரண்டே வாரங்களில் குழாய் மூடும் காலம் முடிந்துவிடுகிறது. தாய் சந்தேகித்து, உறுதி செய்து, வைத்தியரிடம் செல்லும்போது அக்காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். அமானிதம் நமது கைக்கு வந்து சேர்வது, வந்ததை நாம் அறியுமுன்னரே!

போலிக் அமிலம் என்ற விற்றமின் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1991ஆம் ஆண்டு வெளியானது. கருத்தரிக்குமுன் தொடங்கி இதனை உட்கொண்டோரிடம், அக்குறைபாடு மீண்டும் ஏற்படுவது 72 சதவீதம் குறைந்திருந்தது. எனவே, கருத்தரிக்க எண்ணும் பெண், அதற்கு முயலத் தொடங்கும் நாளிலிருந்து, கருவுற்ற முதல் 12 வாரங்கள் வரை, நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலம் எடுக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கீரையும் பயறும் நல்லவையே. ஆயினும் உணவால் மட்டும் இவ்வளவைப் பெறுவது கடினம். முன்னர் பாதிப்புற்ற குழந்தையைப் பெற்றோர், நீரிழிவு உள்ளோர், வலிப்பு நோய்க்கு மருந்தெடுப்போர் ஆகியோர் கருத்தரிக்குமுன்னரே வைத்தியரை அணுகட்டும். எடுக்கும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது.

சகோதரர்களே! ஸூரா அல்முஃமினூன் நுத்பா, அலக், முழ்கா எனக் கருவின் படிநிலைகளை எடுத்துரைக்கிறது. அவ்வசனங்களைப் பிறரிடம் வாதாடுவதற்கு மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு, நமது வீட்டில் உருவாகும் கருவைப் பற்றிச் சிந்திக்காதிருப்பது முறையாகுமா?

அந்தத் தந்தையின் கேள்விக்கு என் பதில் இதுதான்: குற்றவாளியைத் தேடாதீர்கள். மாத்திரை எடுத்தும் இக்குறைபாடு ஏற்படலாம். எடுக்காமலும் ஆரோக்கியமான குழந்தை பிறக்கலாம். விதி அல்லாஹ்வின் கையில். முயற்சி நம் மீது கடமை. நோயுற்ற குழந்தையின் தாயை ஏசுவது, அவளது காயத்தின் மீது இன்னொரு காயம். அக்குழந்தைக்குச் சிகிச்சையும் கல்வியும் அன்பும் பெறும் உரிமை உண்டு.

பெற்றோரே! கல்யாணத்துக்கு மண்டபமும் உடுப்பும் பல மாதங்களுக்கு முன்னரே ஏற்பாடு செய்கிறீர்கள். அவ்வேளையிலேயே மகளையும் மருமகனையும் ஒரு வைத்தியரிடமோ உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடமோ அனுப்பிவையுங்கள். வாலிபர்களே! இதனைப் பெண்கள் விடயமென ஒதுக்காது, மனைவிக்கு நீங்களே நினைவூட்டுங்கள். இனி நான் உரையாற்றும் ஒவ்வொரு நிக்காஹ் மஜ்லிஸிலும் இதனைச் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! சோதிக்கப்பட்ட பெற்றோருக்குப் பொறுமையையும், அவர்களைச் சூழ்ந்துள்ள எங்களுக்கு இரக்கத்தையும் தருவாயாக! ஆமீன்.